யார் பணம், யார் கட்சி?

(ரெட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரெட்டைமலை சீனிவாசன் பெயரால் கூடியிருக்கும் அவையில் காங்கிரஸ் கட்சியைப் பற்றிப் பேசுவது பொருத்தமானதுதான். அவருடைய பொதுவாழ்வின் தொடக்கக் காலப் பெரிய காரியங்களில் ஒன்றே காங்கிரஸுக்கு எதிராகக் கையெழுத்து வாங்கியதுதான். 1893ஆம் ஆண்டு. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்பது காங்கிரஸின் கோரிக்கை. அப்படி நடத்தினால் மேல்சாதிக்காரர்களே அந்த நாற்காலிகளை நிரப்பிக்கொள்வார்கள், சேரி மக்கள் மீது அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் அதிகாரத்தோடு அரசாங்க அதிகாரமும் சேர்ந்துவிடும் என்று சீனிவாசன் எதிர்மனு தயாரித்து லண்டனுக்கு அனுப்பினார். மனுவின் நீளம் 112 அடி. கையெழுத்துகள் 3,412.

இந்த மனுவை வைத்து அவரை வெள்ளைக்காரர்களின் ஆள் என்று எழுதியவர்கள் உண்டு. அந்த வழக்கை இன்று எடுக்கப் போவதில்லை. நான் அந்த 112 அடியைப் பற்றி மட்டும் யோசிக்கிறேன். எழுதப் படிக்க விடாமல் வைக்கப்பட்டிருந்த மக்களிடம் 3,412 கையெழுத்து வாங்க எத்தனை சேரிகளுக்கு நடந்திருக்க வேண்டும்? காகிதம் வாங்கி, ஒட்டி, சுருட்டி, கப்பலில் அனுப்ப யார் காசு கொடுத்தார்கள்? அதே ஆண்டு அக்டோபரில் அவர் ‘பறையன்’ இதழைத் தொடங்குகிறார். நான்கு பக்கம், விலை இரண்டணா. 400 பிரதிகள் இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தன என்று தன் வரலாற்றில் சொல்கிறார். யாரைப் பற்றி எழுதலாம், யாரைப் பற்றி எழுதக் கூடாது என்று அந்த இதழுக்குச் சொல்ல ஒரு புரவலர் இல்லை.

ஒரு கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, வந்த பணம் அந்தக் கட்சியின் வாயை எந்த இடத்தில் அடைக்கிறது என்பதே இன்றைய பேச்சு. ஊழலைப் பற்றிப் பேச வரவில்லை. ஊழல் எளிய விஷயம், பிடிபட்டால் வழக்கு. ஒரு பைசாகூடக் கையாடல் நடக்காமல், முறையான ரசீதோடு, நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்ட பணம் நம் கோரிக்கைகளை என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதற்கு 1932ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கர் கையெழுத்திட்டார். நம் பக்கத்திலிருந்து ரெட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டார்கள். ஆறே நாளில், செப்டம்பர் 30 அன்று, பம்பாயில் மதன்மோகன் மாளவியா தலைமையில் ஒரு கூட்டம் நடந்தது. தீண்டாமை ஒழிப்புக்கென ஓர் அகில இந்திய அமைப்பு அங்கே தோன்றியது. பிறகு அதற்கு ஹரிஜன சேவா சங்கம் என்று பெயர் வந்தது. தலைவர் கன்ஷியாம் தாஸ் பிர்லா. செயலாளர் தக்கர் பாபா.

பிர்லா யார் என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். சணல் ஆலை, பஞ்சாலை, சர்க்கரை ஆலை வைத்திருந்த கல்கத்தா மார்வாரி முதலாளி. இந்திய முதலாளிகளின் கூட்டமைப்பான ஃபிக்கியை 1927இல் உருவாக்கியவர்களில் ஒருவர். ஹிந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழ் அவர் கையில் இருந்தது. காந்தியின் பணிகளுக்கு நீண்ட காலம் பணம் கொடுத்தவர். காந்தி கடைசியாகத் தங்கியிருந்ததும் சுடப்பட்டதும் டெல்லி பிர்லா மாளிகையில்தான். ஒரு முதலாளிக்கும் ஒரு தலைவருக்கும் இருந்த இந்த உறவு மறைவானது அல்ல. பிர்லாவே பெருமையோடு அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார்.

இந்தச் சங்கத்தின் மையக் குழுவில் தொடக்கத்தில் அம்பேத்கரும் இருந்தார். மூன்றாவது வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, 1932 நவம்பரில், தக்கருக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். தீண்டப்படாதவர்களுக்கு வேலை செய்ய இரண்டு வழி இருக்கிறது என்று அதில் பிரித்துக் காட்டுகிறார். தனி மனிதர்களைத் திருத்துவது ஒரு வழி. குடிக்காதே, குளி, படி, இதோ பள்ளிக்கூடம், இதோ நூலகம். மனிதரைச் சூழ்ந்திருக்கும் நிலைமையை மாற்றுவது இன்னொரு வழி. சங்கம் இரண்டாவது வழியில் போக வேண்டும் என்கிறார். ஊர்க் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை, பொதுப் பள்ளியில் சேரும் உரிமை, ஊர்ச் சாவடிக்குள் நுழையும் உரிமை, வண்டியில் ஏறும் உரிமை ஆகியவற்றுக்காக நாடு முழுவதும் இயக்கம் நடத்த வேண்டும். மோதல் வரும், அடிதடி வரும், வழக்கு வரும், அதற்கும் ஆயத்தமாக வேண்டும். வேலைகளில் நம் ஆட்களுக்கு இடம் வாங்கித்தர வேண்டும்.

அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது என்றுகூடச் சங்கம் பதில் எழுதவில்லை. அம்பேத்கர் விலகினார்.

ஏன் பதில் இல்லை? தக்கர் கெட்டவரா? இல்லை. பழங்குடி மக்களிடையே வாழ்நாளெல்லாம் உழைத்தவர். பதில் எழுத முடியாததற்குக் காரணம் வேறு. ஊர்க் கிணற்று உரிமைக்காக ஒரு கிராமத்தில் இறங்கினால் மிராசுதார் எதிரே வந்து நிற்பார். கடைத்தெருவில் சம உரிமை கேட்டால் வியாபாரி எதிரே நிற்பார். ஆலையில் நெசவுப் பிரிவில் நம்மவருக்கு இடம் கேட்டால் ஆலை முதலாளி நிற்பார். பம்பாய்ப் பஞ்சாலைகளில் நல்ல கூலி உள்ள நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதவர்கள் நுழைய முடியாது. நூல் அறுந்தால் எச்சில் தொட்டு முடிச்சுப் போட வேண்டும், அதனால் தீட்டு. காங்கிரஸுக்கு ஊரில் வாக்குச் சேர்த்தவர் அந்த மிராசுதார், நகரத்தில் பணம் கொடுத்தவர் அந்த வியாபாரி. முதலாளிதான் சங்கத்துக்கே தலைவர். உபகாரச் சம்பளம் கொடுப்பதில் இவர்களுக்குச் செலவு காசோலையோடு முடிந்துபோகும். கிணற்றைத் திறந்துவிட்டால் ஊரில் அவர்கள் இருக்கும் இடமே மாறிப்போகும்.

ஹரிஜன சேவா சங்கத்தின் நிதி முழுவதும் பிர்லாவிடமிருந்து வந்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1933 நவம்பர் முதல் 1934 ஆகஸ்ட் வரை காந்தி ஹரிஜன யாத்திரை போனார், தமிழ்நாட்டுக்கும் வந்தார். பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள், ஏழைகள் காலணா போட்டார்கள். சில்லறையாக வந்த பணமும் நிறைய. ஆனால் நிர்வாகம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி வந்தபோது, நம் மக்களுக்கு அதில் அதிகாரம் கிடையாது என்று காந்தி தரப்பு சொன்னது. அதற்கான நியாயம் கேட்க அழகாக இருக்கும். தீண்டாமை சவர்ண இந்துக்கள் செய்த பாவம், சங்கம் அவர்களுடைய பிராயச்சித்தம். கடன்பட்டவர்கள் அவர்கள், திருப்பிச் செலுத்த வேண்டியவர்களும் அவர்களே, எனவே சங்கத்தை அவர்களே நடத்த வேண்டும்.

ஊரில் கடன் கொடுக்கல் வாங்கல் பார்த்தவர்களுக்கு இதில் உள்ள ஓட்டை உடனே தெரியும். கடன்பட்டவரே கணக்குப்பிள்ளையும் ஆகிறார். எவ்வளவு பாக்கி, எப்போது தருவது, எந்த ரூபத்தில் தருவது எல்லாம் அவர் எழுதுவதுதான். கொடுத்தவன் வாசலில் நின்று நன்றி சொல்ல வேண்டும்.

அந்த நன்றியைத்தான் அம்பேத்கர் அஞ்சினார். 1945இல் வெளிவந்த, காங்கிரஸும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்கும் அவருடைய நூலில், இந்தச் சங்கத்தைக் கண்ணனுக்குப் பால் கொடுக்க வந்த பூதனையோடு ஒப்பிடுகிறார். கடுமையான ஒப்புமை. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று வளர்ந்த நமக்கு அந்தக் கடுமை புரியாமல் போகாது. உப்பிட்டவர் முகத்துக்கு நேரே கூலி கேட்க வாய் வருமா?

அதே நூலில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1921இல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடிக்கு மேல் திரண்டது. தீண்டப்படாதவர் முன்னேற்றத்துக்காகக் கமிட்டி போட்டார்கள், சுவாமி சிரத்தானந்தர் உறுப்பினர். முதலில் ஐந்து லட்சம் என்று பேச்சு, பிறகு இரண்டு லட்சம் என்று ஆனது. சிரத்தானந்தர் வெறுத்துப்போய் விலகினார். கடைசியில் இந்த வேலையை இந்து மகாசபையிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஆண்டுகளில் வழங்கப்பட்ட லட்சக்கணக்கான ரூபாயில் நமக்கு வந்தது 43 ஆயிரத்துச் சொச்சம் என்று அம்பேத்கர் கூட்டிக் காட்டுகிறார்.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்கலாம்: அம்பேத்கரே பரோடா மகாராஜாவிடம் உதவித்தொகை பெற்றுத்தானே அமெரிக்காவில் படித்தார்? ‘மூக்நாயக்’ இதழுக்கு 1920இல் கோலாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்தாரே? நியாயமான கேள்வி. பணக்காரரிடம் வாங்கிய பணம் எல்லாம் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. சாகு மகாராஜா பணத்தைக் கொடுத்தார், இதழில் என்ன எழுத வேண்டும் என்பதை அம்பேத்கர் முடிவு செய்தார். பரோடாவில் கதை வேறு. படிப்பு முடிந்ததும் பத்து ஆண்டு சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். 1917இல் போனார். தங்க ஒரு அறை கிடைக்காமல், பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டுத் திரும்பினார். பணம் எந்தக் கைக்கு மாறுகிறது, மாறிய பிறகு பேனா யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும். பிர்லா பணத்தைக் கைமாற்றவே இல்லை. ஒரு கையிலிருந்து எடுத்துத் தன் இன்னொரு கையில் வைத்துக்கொண்டார்.

சங்கம் அரசியல் அமைப்பு அல்ல என்று சொல்லிக்கொண்டது. தேர்தல் வந்தபோது நடந்ததைப் பார்ப்போம். பூனா ஒப்பந்தம் இடங்களைக் கூட்டித் தந்தது. வகுப்புவாரித் தீர்ப்பில் 71 ஆக இருந்தது 148 ஆயிற்று, 1935 சட்டத்தில் 151. ஆனால் இறுதி வாக்கெடுப்பில் ஊரே வாக்களிக்கும். முதல்கட்டத்தில் நம் மக்கள் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவர் காங்கிரஸ்காரராக இருந்தால் போதும், மீதியைச் சவர்ண வாக்குகள் பார்த்துக்கொள்ளும். நான்கு பேருக்கு மேல் போட்டியிடாவிட்டால் முதல்கட்டமே கிடையாது. பெரிய தொகுதி, வண்டிச் சத்தம், துண்டறிக்கை, வாக்குச்சாவடி ஆட்கள், இவை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். கூலிவேலை செய்யும் சமூகத்திலிருந்து வந்த ஒருவர் அதைத் தனியாகத் திரட்ட முடியாது. காங்கிரஸின் தேர்தல் நிதியை வல்லபாய் படேல் மில் முதலாளிகளிடமும் வணிகர்களிடமும் திரட்டினார். 1937இல் 151 தனித்தொகுதிகளில் 78 காங்கிரஸுக்குப் போயின. சென்னை மாகாணத்தில் 30இல் 26.

இந்த 26 பேர் இருந்தும் என்ன நடந்தது என்பதற்கு எம்.சி. ராஜாவின் அனுபவமே சாட்சி. ராஜாவின் கதை எனக்கு எப்போதும் வருத்தம் தரும். 1932இல் அம்பேத்கருக்கு எதிராக நின்று, மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டு, கூட்டுத் தொகுதியே போதும் என்று இந்துத் தலைவர்களை நம்பியவர் அவர். 1938இல் சென்னைச் சட்டமன்றத்தில் ராஜாஜி பிரதமர். பொதுக் கிணறு, சாலை முதலியவற்றில் உள்ள தடைகளை நீக்கும் ராஜாவின் மசோதா சட்டமானது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஆலய நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தபோது, திரும்பப் பெறுங்கள் என்று ராஜாஜி கேட்டார். காலம் கனியவில்லை, முதலில் மலபாரில் மட்டும் பார்க்கலாம் என்றார். ராஜா காந்திக்கு எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்று காந்தி பதில் எழுதினார். மசோதா தோற்றது. 30 தனித்தொகுதியில் 26 பேரை வைத்திருந்த கட்சியின் ஆட்சியில், தனித்தொகுதி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த மசோதா தோற்றது. சவர்ணர்களின் மனம் எப்போது கனியுமோ அப்போதுதான் உரிமை வரும் என்ற சங்கத்தின் கொள்கை சட்டமன்றத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

பம்பாயில் நிலைமை சற்று வேறு. அங்கே அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி இருந்தது. 15 தனித்தொகுதியில் காங்கிரஸுக்கு நான்கு மட்டுமே கிடைத்தது. அதனால் கேள்விகள் வெளியே வந்தன. 1937 செப்டம்பரில் கொங்கணத்தின் கோத்தி நிலமுறையை ஒழிக்க அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் விவசாயிகள் பம்பாய்க்கு ஊர்வலமாக வந்தார்கள். காங்கிரஸ் மந்திரிசபை அந்த மசோதாவை நகரவிடவில்லை. மாறாக 1938இல் தொழில் தகராறு மசோதாவை வேகமாக நகர்த்தியது. வேலைநிறுத்தத்துக்குத் தடைகள், மீறினால் சிறை. நவம்பர் 7 அன்று அம்பேத்கரும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து பம்பாயில் ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். பம்பாயில் காங்கிரஸுக்கு நிதி கொடுத்தவர்களில் ஆலை முதலாளிகள் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, எந்த மசோதா தூங்கியது, எந்த மசோதா ஓடியது என்று பாருங்கள்.

விடுதலைக்குப் பிறகான முதல் பொதுத்தேர்தலில் அம்பேத்கர் பம்பாயில் தோற்றார். தோற்கடித்த கஜ்ரோல்கர் ஒரு காலத்தில் அவரோடு வேலை செய்தவர், காங்கிரஸ் சீட்டில் நின்ற தலித். கன்ஷிராம் இந்த வகை அரசியலுக்குத்தான் 1982இல், பூனா ஒப்பந்தத்தின் ஐம்பதாவது ஆண்டு நாளில், சம்சா யுகம் என்று பெயர் வைத்துப் புத்தகம் போட்டார். சம்சா என்றால் கரண்டி. கரண்டி தானாக அசையாது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்கும் மாணவர்களுக்காக ஒரு தாவு தாவுகிறேன். 2004இல் காங்கிரஸ் தலைமையில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சிக்கு வந்தது. குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டத்தில், தனியார் துறையில் இடஒதுக்கீடு உள்ளிட்ட ஏற்பாடுகளைப் பற்றித் தொழில்துறையோடு உடனடியாகப் பேசுவோம் என்று எழுதியிருந்தார்கள். 1991க்குப் பிறகு அரசு வேலை சுருங்கிக்கொண்டே வந்ததால் நம் இளைஞர்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை. பேசினார்கள். தொழிலதிபர்கள் கொந்தளித்தார்கள், தகுதி திறமை போய்விடும் என்றார்கள். 2006இல் தொழில் கூட்டமைப்புகள் ஜே.ஜே. இரானி தலைமையில் ஒரு குழு போட்டு அறிக்கை கொடுத்தன. சட்டம் வேண்டாம், நாங்களாகவே முன்வந்து செய்கிறோம்: பயிற்சி, உபகாரச் சம்பளம், தொழில் தொடங்க உதவி.

பிர்லாவும் தக்கரும் 1932இல் வைத்த அதே பட்டியல்! உரிமை கேட்டுப் போனவன் கையில் உபகாரச் சம்பளத்தோடு திரும்புகிறான். பத்தாண்டு ஆட்சி முடிந்து 2014இல் காங்கிரஸ் இறங்கியபோது தனியார் துறை இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் இல்லை. அடுத்து வந்த பாரதிய ஜனதா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்து வந்தவர்களுக்குப் பணம் எப்படி வந்தது? 1969இல் இந்திரா காந்தி அரசு கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கத் தடை போட்டது. 1985இல் ராஜீவ் காந்தி அரசு தடையை நீக்கி, லாபத்தில் இத்தனை சதவீதம் என்று வரம்பு வைத்தது. 2017இல் மோடி அரசு அந்த வரம்பையும் எடுத்துவிட்டு, கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாத தேர்தல் பத்திரத்தைக் கொண்டுவந்தது. உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று அதைச் செல்லாது என்றது. பிறகு வந்த பட்டியலில் 2019 ஏப்ரல் முதல் பா.ஜ.க.வுக்குச் சுமார் 6,060 கோடி ரூபாய் போயிருந்தது தெரிந்தது.

நம் ஊருக்கு வருவோம். சமூகநீதியைத் தன் பெயராகவே சொல்லிக்கொள்ளும் தி.மு.க. பத்திரங்கள் மூலம் பெற்றது 656.5 கோடி. அதில் 509 கோடி ஒரே நிறுவனத்திடமிருந்து, அதாவது லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனத்திடமிருந்து. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை. மற்ற மாநிலங்களில் விற்ற சீட்டின் லாபம் இங்கே கட்சி நிதியானது. கொடுத்தவர் பெயரைத் தானாகவே கேட்டு வாங்கி வெளியிட்ட சில கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பத்திரமே வேண்டாம் என்று மறுத்தவர்கள் இடதுசாரிகள். ஆனால் அவர்களும் கூட்டணிக்குள் வரும்போது என்ன ஆகிறது? 2019 மக்களவைத் தேர்தலுக்குத் தி.மு.க. தேர்தல் ஆணையத்தில் கொடுத்த கணக்கில், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடி என்று இருக்கிறது. தேர்தல் செலவுக்குத்தான், கணக்கில் காட்டப்பட்டதுதான், சட்டவிரோதம் இல்லை. பெரிய கட்சிக்குப் பெரிய முதலாளி கொடுக்கிறார், சிறிய கட்சிக்குப் பெரிய கட்சி கொடுக்கிறது. பணம் ஒரு படி கீழே இறங்கும்போது நன்றியும் கூடவே இறங்குகிறது.

அதே 2019 தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் இரண்டு வேட்பாளர்களில் தோழர் ரவிக்குமார் விழுப்புரத்தில் உதயசூரியன் சின்னத்தில் நின்றார். தோழர் திருமாவளவன் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்று 3,219 வாக்கில் வென்றார். 2024இல் இரண்டு தொகுதியிலும் பானை, இரண்டிலும் வெற்றி, மாநிலக் கட்சி அங்கீகாரம். அந்த ஐந்தாண்டில் சிறுத்தைகள் செய்த முக்கியமான அரசியல் காரியம் இந்தச் சின்னம்தான் என்று நான் நினைக்கிறேன். பிறர் சின்னத்தில் வென்றவர் சபையில் அந்தக் கட்சியின் கொறடா சொன்னபடிதான் வாக்களிக்க வேண்டும். எம்.சி. ராஜாவின் மசோதாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிறுத்தைகள் மீதும் நமக்குக் கேள்விகள் உண்டு. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்துப் போலீஸ் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருந்தது பாதிக்கப்பட்ட மக்களின் பக்கத்தைச் சேர்ந்த மூன்று பேர். சி.பி.ஐ. விசாரணை வேண்டும் என்று சிறுத்தைகள் கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கூட்டணியில் தொடர்ந்தார்கள். வெளியேறு என்று மேடையிலிருந்து சொல்வது எனக்குச் சுலபம், தேர்தல் செலவுக்கு வழி சொல்லாமல் அப்படிச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு.

வழி தேடியவர் கன்ஷிராம். முதலில் கட்சி தொடங்கவில்லை, 1978இல் பாம்செப் என்று அரசு ஊழியர்களைத் திரட்டினார். இடஒதுக்கீட்டால் சம்பளம் வாங்குபவர்கள் மாதாமாதம் சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். 1984இல் கட்சி வந்தபோது ஓட்டுக் கேட்ட இடத்திலேயே நோட்டும் கேட்டார், ஒரு ரூபாயாக இருந்தாலும் சரி. உத்தரப் பிரதேசத்தில் முதலமைச்சர் நாற்காலி வரை அது போனது. ஆனால் பின்னாளில் பகுஜன் சமாஜ் கட்சி ஆண்டுதோறும் 20,000 ரூபாய்க்கு மேல் யாரும் தரவில்லை என்றே கணக்குக் கொடுத்துவந்தது. கோடிக்கணக்கான வருமானம், ஒரு பெயர்கூட இல்லை. சில்லறைக் காசு என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் உள்ளே விடலாம் என்பதையும் அந்தக் கட்சியிடமிருந்துதான் கற்க வேண்டியிருக்கிறது. மக்களிடம் வாங்கியதை மக்களிடம் கணக்குக் காட்டாவிட்டால், வாங்கியது யாரிடம் என்பதே மறந்துபோகும்.

இனி, எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று இன்றைய தமிழ்நாட்டில் பாருங்கள். ஏப்ரல் 14 சமத்துவ நாள் ஆயிற்று. அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை எடுக்கப் போவதாக 2025இல் அறிவிப்பு வந்தது. மணிமண்டபம், சிலை, விருது. இவற்றைக் கேலி செய்யும் எழுத்தாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முகவரியில் ‘காலனி’ என்று எழுதி வேலைக்கு விண்ணப்பித்தவருக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். ஆனால் இவை எவற்றிலும் கட்சிக்குப் பணம் கொடுப்பவர் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் குறையவில்லை.

நிலத்துக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. நம் மக்களைத் தவிர மற்றவருக்கு விற்க முடியாத நிலம். விற்றால் செல்லாது, வாங்கியவருக்கு நட்டஈடு கிடையாது. 1994 அக்டோபரில் காரணையில் இந்த நிலத்தைக் கேட்டுப் போராடியவர்களில் இரண்டு பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு திராவிடக் கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. மீட்புக் குழுக்கள் வந்தன, போயின. இந்த நிலத்தில் இன்று கல்லூரி நிற்கிறது, ஆலை நிற்கிறது, வீட்டுமனைப் பலகை நிற்கிறது. அந்தப் பலகைக்காரர் ஒன்றியச் செயலாளரின் பொதுக்கூட்டத்துக்குப் பந்தல் போட்டுத் தருகிறார், தேர்தலுக்கு வண்டி அனுப்புகிறார். தேர்தல் பத்திரப் பட்டியலில் அவர் பெயர் ஒருநாளும் வராது. நம் கிராமத்து பிர்லா அவர்தான்.

அவரைக் கண்டுபிடிக்க உச்சநீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. எந்தச் சர்வே எண் பஞ்சமி என்று கிராமக் கணக்கின் ‘ஏ’ பதிவேட்டில் குறிப்பு இருக்கும். இப்போது யார் பெயரில் பட்டா என்பது இணையத்தில் கிடைக்கும். வேட்பாளர்கள் தேர்தல் முடிந்து 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் செலவுக் கணக்கு கொடுத்தாக வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், விதிப்படி கட்டணம் ஒரு ரூபாய். அந்தக் கணக்கில் பந்தல், வண்டி, மண்டபம் எல்லாம் யார் கொடுத்தது என்று ஒரு பத்தியும் உண்டு, பெரும்பாலும் பொய்யாக நிரப்பப்பட்டிருக்கும். எங்கே பொய் சொல்லியிருக்கிறார்கள் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

இங்கே பத்துப் பதினைந்து கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் வந்திருக்கிறீர்கள். ஒரே ஒரு தனித்தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏ’ பதிவேட்டையும் பட்டாவையும் செலவுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அலைச்சலுக்கு ஆகும் பஸ் செலவை இந்த அரங்கிலேயே துண்டேந்தி வசூலிக்கலாம், ரசீது போட்டு. அடுத்த ஆண்டு இந்தச் சொற்பொழிவை அந்தக் கணக்கோடு உங்களில் ஒருவர் நிகழ்த்த வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் இப்போதே கேட்டுக்கொள்கிறேன். நான் கேட்க வருகிறேன்.